தோணிக்காரனைக் கொல்ல யாருக்கு உரிமை?

எழுத்தால் ஆடும் வேட விளையாட்டும் அதன் ஒழுக்க முறைகளும்

சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், எனது தங்கையின் மகனை அழைத்து வருவதற்காக அஜின்கோர்ட் பொது நூலகத்துக்குச் சென்றிருந்தேன். பொனிஸ் வீதியில் உள்ள அந்நூலகத்தில் அவனும் அவனது வகுப்புத் தோழன் ஒருவனும் வாரந்தோறும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பது வழக்கம். அன்று அவன் தனியே இருந்தான். முன்னால் விரித்து வைத்திருந்த கணக்குக் கொப்பியில் ஒரு கோடுதானும் போடப்பட்டிருக்கவில்லை.

"என்னடா, கூட்டாளி வரேல்லையோ?"

"அவன் இனி வரமாட்டான் மாமா. நான் அவன்ரை தோணிக்காரனைச் சாக்காட்டிப் போட்டன்."

வாகனத்தில் ஏறிய பின்னர்தான் விடயம் விளங்கிற்று. பிள்ளைகள் ஐவர், மூவர் ஸ்காபரோவிலும் ஒருத்தி லண்டனிலும் ஒருவன் பாரிஸிலுமாக இருந்துகொண்டு, கைத்தொலைபேசியில் ஒரு கதையைச் சேர்ந்து எழுதி வருகிறார்கள். கற்பனைத் துறைமுகம் ஒன்று, ஆளுக்கொரு பாத்திரம். எனது மருமகன் கடற்கொள்ளைக்காரரின் தலைவன். தோழன் துறையில் தோணி ஓட்டும் ஒருவன். ஒருநாள் நள்ளிரவில், மற்றவர்கள் உறங்கியிருந்த வேளையில், எனது மருமகன் ஒரு நீண்ட பந்தியை எழுதிவிட்டான். அதில் தோணிக்குத் தீ வைக்கப்பட்டது. தோணிக்காரன் பாய்மரத்தோடு கட்டப்பட்டு நீரில் மூழ்கினான். காலையில் தோழன் அதனை வாசித்தான். ஒரு சொல்லும் எழுதவில்லை. அன்றோடு ஒன்பது நாட்கள்.

"விளையாட்டுத்தானே, சரியாய்ப் போகும்" என்று சொல்லி வைத்தேன். அன்றிரவு தோழனின் தாயார் எனது தங்கையுடன் தொலைபேசியில் பேசினார். அவர்கள் இங்கு வந்து இரண்டு ஆண்டுகள். அகதிக் கோரிக்கையின் முடிவை எதிர்பார்த்திருக்கும் குடும்பம். அத்தோணிக்காரனுக்கு மகன் சூட்டியிருந்த பெயர், கடலுக்குப் போய்த் திரும்பி வராத மூத்த அண்ணனுடைய பெயர். ஆடிய பிள்ளைகளில் எவருக்கும் இது தெரியாது. அவன் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே இவ்விளையாட்டைப் பற்றி விசாரிக்கவும் வாசிக்கவும் தொடங்கினேன். எமது வீடுகளில் பல பிள்ளைகள் இதில் ஈடுபட்டிருக்கையில், பெற்றோராகிய நாம் அதனை 'எந்நேரமும் போனோடை' என்ற ஒரே வசனத்தில் அடக்கிவிடுகிறோம். அறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டில் படமில்லை, ஒலியில்லை. சொல் மாத்திரமே உண்டு. ஒருவர் தனது பாத்திரம் செய்வதையும் சொல்வதையும் எழுதுவார். அதற்கு மற்றவர் தமது பாத்திரத்தின் வாயிலாக மறுமொழி எழுதுவார். அவ்வாறே கதை வளரும். இதற்கு வித்திட்டது அமெரிக்காவில் 1974 இல் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு. ஏறத்தாழ அதே காலத்தில் வில் குரோதர் என்ற கணனி வல்லுநர், கென்ரக்கி மாநிலத்தின் மாமத் குகைகளுக்குள் தாம் இறங்கித் திரிந்த அனுபவத்தைக் கொண்டு, எழுத்தால் மட்டுமே இயங்கும் குகைப் பயண விளையாட்டொன்றை 1975, 1976 அளவில் ஆக்கினார். மணமுறிவின் பின் தமது பெண்பிள்ளைகளிடமிருந்து விலகிவிட்டதாக உணர்ந்த அவர், அவர்கள் விளையாடி மகிழவேண்டும் என்றே அதனை எழுதினார். பிள்ளை ஒரு தேசத்திலும் தகப்பன் ஒரு தேசத்திலுமாக வாழ்ந்த குடும்பங்கள் நிறைந்த எம்மிடையே, இச்செய்தி எனக்குச் சற்று நெருக்கமாகவே பட்டது.

பலர் ஒரே நேரத்தில் கூடி ஆடும் முறை 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ரோய் திரப்ஷோ தொடங்கி, ரிச்சார்ட் பார்ட்டில் தொடர்ந்த அவ்விளையாட்டின் பெயர் 'மட்'. ஆள் ஆளைக் காணாமல் சொல்லால் மாத்திரம் சந்திக்கும் அத்தகைய உலகங்கள் பின்னர் பெருகின. ஒழுங்குகளின் தேவையும் கூடவே வந்தது.

அவ்வொழுங்குகளில் தலையாயது, பிறர் பாத்திரத்தை நீ நகர்த்தாதே என்பது. 'நான் வாளை வீசினேன். உன் தலை உருண்டது' என்று எழுதுவது தவறு. 'நான் வாளை ஓங்கினேன். அது உன் தோளை நோக்கி இறங்கியது' என்று எழுதி நிறுத்தவேண்டும். வாள் பட்டதா, தவறியதா, கேடயத்தில் மோதியதா என்பதை எழுதும் உரிமை அத்தோளுக்கு உரியவருடையது. முயற்சி என்னுடையது, அதன் விளைவு உன்னுடையது. இவ்வெல்லையை மீறுவதைப் பிள்ளைகள் 'பவர்பிளேயிங்' என்றும், தனது பாத்திரத்துக்கு எதுவுமே ஆகாது என்று எழுதிக்கொண்டே போவதை 'காட்மோடிங்' என்றும் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு நான் கண்ட தமிழ் 'தன்னைக் கடவுளாக்குதல்'. மருமகன் அதைக் கேட்டுச் சிரித்தான்.

இவ்விதியை மீறினால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. கலிபோர்னியாவில் சேரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பாவெல் கேர்ட்டிஸ் 1990 இல் 'லாம்டா-மூ' என்ற எழுத்துலகைத் திறந்தார். அது அவரது சொந்த வீட்டின் அமைப்பிலேயே வருணிக்கப்பட்ட ஒரு மாளிகை. 1993 இல் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் வந்த ஒருவர், அம்மாளிகையின் கூடத்தில் பலர் கூடியிருந்த வேளையில், ஒரு சிறு நிரலின் உதவியால், பிறருடைய பாத்திரங்கள் தாமாகவே இழிசெயல்களைப் புரிவது போன்ற வாக்கியங்களைத் தோற்றுவித்தார். பாத்திரங்களுக்கு உரியவர்கள் தம் கண்முன்னே அவ்வாக்கியங்கள் ஓடுவதைத் தடுக்க முடியாமல் பார்த்திருந்தனர். எவர் உடலிலும் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பெண், அதைப் பற்றி எழுதும்போது கண்ணீர் வழிந்தது என்று கூறியதை, யூலியன் டிபெல் என்ற எழுத்தாளர் அதே ஆண்டு நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' வார ஏட்டில் விரிவாகப் பதிவு செய்தார். அவ்வுலகில் உறுப்பினர்கள் மனுக் கொடுத்து வாக்களித்து விதிகளை வகுக்கும் முறை அதன் பின்னரே வந்தது.

இதனை வாசித்தபோது, 'எழுத்துத்தானே, இதற்கு ஏன் அழவேண்டும்?' என்று கேட்கும் உரிமை எமக்கு மிகக் குறைவு என்று தோன்றிற்று. எமது வாழ்க்கையைப் பிறர் ஒருவர் தமது கையால் படிவத்தில் எழுதி, நாம் சொல்லாத ஒரு சொல்லை அதில் சேர்த்துவிட, அதற்காகப் பின்னர் விசாரணையில் நாம் விடை சொல்லித் திணறிய கதைகள் எமது சமூகத்தில் எத்தனை! தன் வாயால் சொல்லாததைத் தான் செய்ததாகப் பிறர் எழுதிவிட்டால் எப்படி வலிக்கும் என்பது எமக்குத் தெரியாததல்ல.

அடுத்தது, பாத்திரம் வேறு, ஆள் வேறு என்பது. கொள்ளைத் தலைவன் கொடுமை செய்யலாம்; அவ்வாறு செய்யாவிட்டால் கதை இல்லை. அதற்காக அதை எழுதிய பிள்ளையைக் கொடியவன் என்று சொல்லக்கூடாது. ஆனால் கொடுமையான கட்டம் வரும்போது, எழுதுபவர் ஒரு கணம் வேடத்துக்கு வெளியே வந்து மற்றவரிடம் கேட்கவேண்டும். 'இந்த இடத்தில் உன் தோணியை எரிக்கலாம் என்று யோசிக்கிறேன், உனக்குச் சம்மதமா?' என்று இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதிக் கேட்பது வழக்கம். அக்குறிக்குள் வருவது ஆளின் குரல். வெளியே வருவது பாத்திரத்தின் குரல். இரண்டையும் கலப்பது பெருங்குற்றம்.

இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த நாகரிகமன்று. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஆடப்படும் தெருக்கூத்தில், திரௌபதி துகிலுரியும் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். துச்சாதனன் வேடமிட்டவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னர் ஆட்டம் நிற்கும், கற்பூரம் ஏற்றப்படும், செய்யப்போகும் பாவத்துக்காக அவர் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவார். அதுவரை மீசை முறுக்கி நின்றவர் அந்தச் சில நிமிடங்களுக்கு ஊரின் ஒரு சாதாரண மனிதராகிக் கைகூப்பி நிற்பார். பின்னர் மீண்டும் துச்சாதனன். பிள்ளைகள் இடும் அந்த இரட்டை அடைப்புக்குறி எனக்கு இக்கற்பூரமாகவே தெரிகிறது. மருமகன் தீ வைத்தானே ஒழியக் கற்பூரம் ஏற்றவில்லை.

மட்டக்களப்புக் கூத்தில் 'சட்டம் கொடுத்தல்' என்றொரு சடங்குண்டு. அண்ணாவியார் ஊரவர் முன்னிலையில், இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்த்து, உரிய பாட்டுக்களை ஆடுவோர் கையில் கொடுப்பார். பின்னர் பல மாதப் பழக்கம், அதன் பின் அரங்கேற்றம். யாருக்கு எது என்ற பூசலெல்லாம் தொடக்கத்திலேயே பேசி முடிக்கப்படும். எழுத்து விளையாட்டிலும் நன்றாக ஆடும் குழுக்கள் முதல்நாளே கூடிப் பேசிவிடுகின்றன: பாத்திரங்கள் இறக்கலாமா, எவ்வகைக் காட்சிகள் வேண்டாம், எவருக்கு எந்த விடயம் மனத்தைப் புண்படுத்தும் என்று. காரணம் சொல்லவேண்டியதில்லை, 'கடலில் மூழ்குவது வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதும். ஏன் என்று மற்றவர் துருவிக் கேட்பது மரியாதையில்லை. போரையும் இடப்பெயர்வையும் கண்ட குடும்பங்களின் பிள்ளைகள் ஆடும் இடத்தில் இவ்வொரு பேச்சு நடந்தேயாகவேண்டும் என்பது எனது கருத்து. மருமகனின் குழுவில் அது நடக்கவில்லை. அவர்கள் கப்பல்களுக்குப் பெயர் வைப்பதிலேயே முதல்நாளைச் செலவிட்டுவிட்டார்கள்.

நாம் வாழும் ஊரின் பெயரிலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1858 இல் இங்கு தபால் நிலையம் அமைந்தபோது அஜின்கோர்ட் என்ற பெயர் ஏற்பட்டதாக ஊர் வரலாறு கூறும். மூலப்பெயர் பிரான்ஸ் தேசத்துக் கிராமம் ஒன்றினுடையது. 1415 ஒக்ரோபர் 25 ஆம் திகதி அங்கு ஆங்கில மன்னன் ஐந்தாம் ஹென்றி பெரும் போரொன்றில் வென்றான். ஷேக்ஸ்பியர் 1599 அளவில் எழுதிய நாடகத்தில், போருக்கு முந்திய இரவு மன்னன் ஒருவரிடம் இரவல் வாங்கிய மேலங்கியைப் போர்த்துக்கொண்டு, தன்னை யாரென்று அறியாத போர்வீரரிடையே நடமாடுகிறான். வில்லியம்ஸ் என்ற சாதாரண வீரன், போர் நியாயமற்றதாயின் செத்தவர்களுக்கெல்லாம் அரசனே பதில் சொல்லவேண்டும் என்று முகத்துக்கு நேரே வாதாடுகிறான். வாக்குவாதம் முற்றிச் சண்டைக்கு அடையாளமாக இருவரும் கையுறைகளை மாற்றிக்கொள்கிறார்கள். வெற்றிக்குப் பின் மன்னன் உண்மையை வெளியிட்டு, அன்றிரவு நீ ஏசியது என்னைத்தான் என்கிறான். வில்லியம்ஸ் அஞ்சவில்லை. நீங்கள் நீங்களாக வரவில்லையே, சாதாரண ஆளாக வந்து பெற்ற அவமதிப்புக்கு நீங்களே பொறுப்பு என்ற கருத்துப்பட விடை கூறுகிறான். மன்னன் அதனை ஏற்று அக்கையுறை நிறையக் காசு கொடுத்தனுப்புகிறான்.

வேடத்தில் வந்தவன் வேடத்துக்கு உரிய மரியாதையையே எதிர்பார்க்கலாம். வேடத்தைக் கலைத்த பின்னர் பழி தீர்க்கக்கூடாது. ஷெப்பேர்ட் வீதியில் பேருந்துக்கு நிற்கும் எமது பிள்ளைகளுக்கு இந்த ஊர்ப்பெயர் இவ்வளவும் சொல்கிறது என்பதை எவரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு நுட்பம்: வாசகனாக நான் அறிந்ததை எனது பாத்திரம் அறிந்ததாகக் காட்டக்கூடாது. திருடன் கிணற்றடியில் ஒளிந்திருப்பதை மற்றவர் எழுதியதில் நான் வாசித்திருக்கலாம். ஆனால் எனது காவற்காரன் அங்கு இருக்கவில்லையே! அவன் நேரே கிணற்றடிக்குப் போவது கள்ளத்தனம். கர்ணன் குந்தியின் மூத்த மகன் என்பது கூத்துப் பார்க்க வந்த குழந்தைக்கும் தெரியும். அருச்சுனனாக ஆடுபவருக்குத் தெரியாதா? தெரிந்தும் தெரியாதவனாக நின்றே அவர் அம்பு விடவேண்டும்.

ஏனைய ஒழுங்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தன் முறை வரும்வரை பொறுத்திருப்பது. மற்றவர் எழுதியதை முழுதாக வாசித்து அதற்கு விடை தருவது. ஒரே வரியில் தட்டிக் கழிக்காமலும், பிறருக்கு இடமின்றிப் பத்துப் பந்திகள் கொட்டாமலும் இருப்பது. உறவுகள் பல தேசங்களில் சிதறிய எமக்குப் பொறுத்தல் மிகவும் தேவை. கோடையில் இங்கு இரவு எட்டு மணியாயின் லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. யாழ்ப்பாணத்தில் மறுநாள் விடியற்காலை ஐந்தரை. மறுமொழி வரவில்லை என்று கோபிப்பதற்கு முன் மணிக்கூட்டைக் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. விலகுவதாயினும் சொல்லி விலகவேண்டும். காத்தவராயன் கூத்தில் ஓர் இரவுக்குள் காத்தான் பாத்திரம் ஒருவர் மாறி ஒருவராகப் பலர் தோளில் ஏறும். முன்னவர் விட்ட இடத்திலிருந்து பின்னவர் தொடர்வார். சொல்லாமல் இறங்கிப் போனால் கதை நடுவழியில் நிற்கும்.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். அறிமுகமற்றவர்களும் ஆடும் குழுவில், பிள்ளை தனது மெய்ப்பெயர், பாடசாலை, குடியிருக்கும் கட்டடம், படம் எதனையும் கொடுக்கலாகாது. வேடத்தின் மறுபுறத்தில் இருப்பவர் பதினான்கு வயதா நாற்பது வயதா என்பதைச் சொற்கள் காட்டிக்கொடா. விளையாட்டை விட்டுத் தனியே பேச அழைப்பவர், 'வீட்டில் சொல்லாதே' என்பவர், படம் கேட்பவர் எவராயினும் அத்தோடு நிறுத்தவேண்டும். இத்தகைய முறைகேடுகளை அறிவிப்பதற்கென்றே வினிப்பெக்கில் உள்ள கனடியச் சிறுவர் பாதுகாப்பு நிலையம் 'சைபர்ரிப்' என்ற சேவையை நடத்துகிறது. பிள்ளைகள் தாமே மனம் விட்டுப் பேசுவதற்கு 1989 முதல் இயங்கும் 'கிட்ஸ் ஹெல்ப் போன்' உண்டு. அதன் இலவச இலக்கம் 1-800-668-6868.

அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ள குடும்பங்களுக்கு மேலதிகமாக ஒரு வேண்டுகோள். குடும்பத்துக்கு நேர்ந்ததை ஊர், பெயர், திகதியுடன் விளையாட்டுக் கதையில் கலந்து எழுதவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கதைக்காகப் பிள்ளை இரண்டைக் கூட்டியும் ஒன்றைக் குறைத்தும் எழுதும், அது இயல்பு. ஆனால் எழுத்து எவர் கைக்குப் போய்ச் சேரும் என்பதை எவராலும் கூறவியலாது. ஊரில் இன்னும் உறவினர் இருக்கிறார்கள். உண்மை வரலாறு சட்டத்தரணியின் கோப்பில் இருக்கட்டும்; விளையாட்டில் துறைமுகத்துக்கு வேறு பெயர் இருக்கட்டும்.

இனிப் பெற்றோருக்குரிய ஒழுக்கம். பிள்ளை எழுதியதை அதன் அனுமதியின்றி எடுத்து, விருந்தினர் முன் வாசித்துச் சிரிக்காதீர்கள். இதைச் செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். 'கொலை செய்கிறேன் என்று எழுதியிருக்கிறானே' என்று பதறுவதற்கு முன், அது எவர் குரல் என்று கேளுங்கள். விதிகளைக் கற்பிக்கும்படி பிள்ளையிடமே கேட்டால் மகிழ்ச்சியோடு கற்பிக்கும். ஆர்வம் உள்ளவர்கள் கொலிஜ் வீதி 239 ஆம் இலக்கத்தில் உள்ள லிலியன் எச். ஸ்மித் நூலகத்துக்கு ஒருநாள் போய் வரலாம். எழுத்தாளர் ஜூடித் மெரில் கொடுத்த நூல்களைக் கொண்டு 1970 இல் தொடங்கப்பட்ட விஞ்ஞானக் கற்பனைச் சேகரிப்பு அங்கே இருக்கிறது. வேட விளையாட்டு நூல்களும் அதில் உண்டு. இரவல் கிடையாது, அங்கேயே இருந்து வாசிக்கவேண்டும். தமிழில் ஆடவும் இன்று தடையில்லை. ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013 முதல் உண்டு. லண்டன் மருமகள் தனது பாத்திரமான வைத்தியக் கிழவியைத் தமிழில் மட்டுமே பேசவைக்கிறாள். எழுத்துப் பிழை ஏராளம். ஆனால் 'மோனை, உந்தக் காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடி' என்று கிழவி சொல்லும்போது எனது தாயார் கண்ணாடியைத் தேடுகிறார்.

தோணிக்காரன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மருமகன் இரட்டை அடைப்புக்குறியிட்டு ஐந்து வரிகள் எழுதினான். மன்னிப்பைக் கேட்டு, அப்பந்தியை அழித்துவிடவா என்றும் கேட்டிருந்தான். தான் பெயரின் விவரத்தை அறிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளவேண்டாம் என்று தங்கை எச்சரித்திருந்தாள். அவன் சொல் தவறவில்லை. இரண்டு நாட்களின் பின் தோழனிடமிருந்து விடை வந்தது. அழிக்கவேண்டாம், ஆனால் தோணிக்காரன் நீரில் விழுந்ததோடு காட்சி நிற்கட்டும், மூழ்கினான் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு என்று எழுதியிருந்தான். எடுத்துவிட்டார்கள். அப்பெயரை இனி எவரும் எப்பாத்திரத்துக்கும் வைப்பதில்லை என்றும் ஐவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது அத்தோழன் துறைமுகத்தில் வலை பின்னும் ஒரு சிறுமியாக ஆடுகிறான். நாள்தோறும் மாலையில் அவள் துறைக்கு வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போகிறாள். கொள்ளைத் தலைவன் அவளிடம் வழி கேட்டு ஒரு வரி எழுதியிருக்கிறான். இக்கட்டுரையை எழுதி முடிக்கும் இவ்வேளைவரை அவள் விடை சொல்லவில்லை. மருமகன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.